ருமேனிய விமானிகளின் கணக்கு: யார் எத்தனை வீழ்த்தினார்கள்?

பிப்ரவரி 3

வாசகர் ஒருவரின் கேள்வி: "இரண்டாம் உலகப் போரின் ருமேனிய விமானி கான்ஸ்டன்டின் காண்டாகுஸினோ ஒரு பட்டியலில் நாற்பது சொச்சம் விமானங்களை வீழ்த்தியதாக இருக்கிறது. இன்னொன்றில் அறுபதுக்கும் மேல். ஒரே மனிதனுக்கு இத்தனை வித்தியாசமா? சின்ன நாட்டுக்காரர்கள் ஊதிப் பெருக்கிய கதைதானே இது?"

பிப்ரவரி 3, இரவு

ஊதிப் பெருக்கவில்லை. கணக்கு வைக்கும் முறையே வேறு.

1944 பிப்ரவரியில் ருமேனிய விமானப்படை ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஒற்றை எஞ்சின் விமானத்தை வீழ்த்தினால் ஒரு வெற்றி. இரண்டு அல்லது மூன்று எஞ்சின் என்றால் இரண்டு. நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் என்றால் மூன்று. பழைய சண்டைகளுக்கும் இதே அளவுகோலைப் பின்தேதியிட்டுப் பொருத்தினார்கள். ஆகவே ஒருவர் ஒரு பி-24 லிபரேட்டரை வீழ்த்தினால் அவர் பெயரில் மூன்று வெற்றிகள் ஏறும். அந்த மூன்றை "மூன்று விமானங்கள்" என்று படிப்பவர்கள்தான் குழப்பத்தை உண்டாக்குகிறார்கள். கேட்பவர் பார்த்த இரண்டு எண்களில் ஒன்று விமானங்களின் எண்ணிக்கை, மற்றது புள்ளிகளின் கூட்டுத்தொகை.

பிப்ரவரி 4

அந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. லிபரேட்டரில் பத்துப் பேர் இருப்பார்கள், மூக்கு முதல் வால் வரை கனரக இயந்திரத் துப்பாக்கிகள் இருக்கும். அப்படிப்பட்டவை கூட்டமாக வரும்போது நடுவே புகுவதும், வழிதவறிய ஒரு வேவு விமானத்தைப் பின்னாலிருந்து சுடுவதும் ஒன்றல்ல. 1944 ஏப்ரல் 4 அன்று புக்கரெஸ்ட் மீது அமெரிக்கர்களின் பெரும் குண்டுவீச்சு தொடங்கிய பிறகு ருமேனிய விமானிகள் வாரந்தோறும் சந்தித்தது இந்தக் கூட்டங்களைத்தான். அவற்றோடு சண்டைக்குப் போனவனுக்கு மூன்று மடங்கு மதிப்புக் கொடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டு எண்களையும் தனித்தனியே சொல்லாமல் ஒன்றை மட்டும் எடுத்துப் போடும் எழுத்தாளர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

பிப்ரவரி 6

நான் விமானப் பராமரிப்பில் வாழ்நாளைக் கழித்தவன். விமானி சாகசக் கதைகளைப் படிக்கும்போது என் கண் முதலில் தேடுவது அந்த விமானத்தை யார் பறக்க வைத்தார்கள் என்பதை. அதனால் இந்தப் பேச்சை அந்தப் பக்கம் திருப்புகிறேன்.

1941 ஜூனில் ருமேனியா ஜெர்மனியின் பக்கம் நின்று போரில் இறங்கியபோது அதன் விமானத் தளங்களில் என்னென்ன நின்றன என்று பாருங்கள். போலந்து வடிவமைப்பில் உள்நாட்டிலேயே கட்டிய பி.இசட்.எல். வேட்டை விமானங்கள். 1939 செப்டம்பரில் போலந்து வீழ்ந்தபோது எல்லை தாண்டி வந்து தங்கிவிட்ட போலந்து விமானங்கள். பிரிட்டன் கொடுத்த ஹரிகேன், பிளென்ஹைம். பிரான்சிலிருந்து வந்த பொடேஸ், பிளாக். இத்தாலியின் சவோயா-மார்கெட்டி. ஜெர்மனியின் ஹைன்கல் 111, ஹைன்கல் 112, மெஸ்ஸர்ஷ்மிட் 109. இவற்றோடு சொந்த நாட்டின் ஐ.ஏ.ஆர். 80.

ஆறு நாட்டுத் திருகாணிகள், ஆறு நாட்டு எண்ணெய்ப் பரிந்துரைகள், ஆறு மொழிகளில் கையேடுகள். இதில் பிரிட்டன் எதிரி, பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது, போலந்து வரைபடத்திலேயே இல்லை. உதிரிபாகத்துக்கு யாருக்குக் கடிதம் எழுதுவது? ஒரே வகை விமானத்தின் இரண்டு மாதிரிகளுக்கு இடையே வால்வு ஒன்று மாறியிருந்ததால் நாள் முழுக்க ஹேங்கரில் தடுமாறிய அனுபவம் எனக்கு உண்டு. ருமேனியக் கம்மியர்கள் அந்த நிலைமையில் ஒரு ஹரிகேனை எழுப்பி அனுப்பினார்கள் என்றால், அந்த ஹரிகேன் வீழ்த்திய எண்ணிக்கையில் அவர்களுக்கும் பங்குண்டு என்று அடித்துச் சொல்வேன்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

ஹரிகேன் என்றதும் ஹோரியா அகரிச்சைக் கேட்கிறார்கள். 1941 ஜூன் 23, அதாவது போரில் இறங்கிய மறுநாள், கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டான்ட்ஸாவைத் தாக்க வந்த சோவியத் குண்டுவீச்சு விமானங்களை எதிர்த்து ஒரு ஹரிகேனில் தனியாக எழும்பினார். மூன்றை வீழ்த்தியதாக அவருக்கு வரவு வைத்தார்கள். நாடு முழுக்கப் பாட்டு கட்டிப் பாடினார்கள். போருக்குப் பின் வந்த கம்யூனிச ஆட்சியில் அவருக்குக் கிடைத்தது சிறை.

பிப்ரவரி 9

ஐ.ஏ.ஆர். 80 பற்றி விரிவாகக் கேட்ட இளைஞருக்கு.

பிரஷோவ் நகரில் 1925இல் தொடங்கிய ஐ.ஏ.ஆர். தொழிற்சாலையின் குழந்தை இது. முன்மாதிரி 1939 ஏப்ரல் 12 அன்று முதன்முதலாகப் பறந்தது. எஞ்சின், பிரெஞ்சு நோம்-ரோன் நிறுவனத்தின் பதினான்கு சிலிண்டர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு பிரஷோவில் உருவான கே.14. வால் பக்கத்துக்குப் புதிதாக எதையும் யோசிக்காமல், ஏற்கெனவே உரிமம் பெற்றுக் கட்டிக்கொண்டிருந்த போலந்து பி.24இன் பின்னுடலை எடுத்துப் பொருத்திக்கொண்டார்கள். பழைய வால் என்பதால் அதன் அடியில் சக்கரம்கூடக் கிடையாது, தரையில் உரசிக்கொண்டு வரும் ஒரு சறுக்குக்கட்டைதான். ஆனால் மேலே பார்த்தால், பின்னோக்கி நழுவும் குமிழ்க் கண்ணாடிக் கூண்டு! அந்தக் காலத்தில் பெரிய வல்லரசுகளின் வேட்டை விமானங்கள் பலவற்றில் அது இல்லை. பின்பாதி 1930களின் தொடக்கத்தையும் முன்பாதி 1940களையும் சேர்ந்த ஒரே விமானம்.

கூண்டு வெகுதூரம் பின்னால் இருந்ததால் தரையில் ஓடும்போது முன்னால் எதுவும் தெரியாது. காற்றில் ஏறிவிட்டால் சுற்றிலும் நன்றாகத் தெரியும். வேகம் மணிக்கு 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1939இல் அது உலகத் தரம். 1944இல் அது போதாது.

ஆயுதம் காலத்தோடு ஏறிக்கொண்டே போனது. முன்மாதிரியில் இரண்டு 7.92 மி.மீ. துப்பாக்கிகள், பிறகு நான்கு, 80ஏ வகையில் ஆறு. கடைசியாக வந்த 81சி வகையில் இரண்டு 20 மி.மீ. மௌசர் பீரங்கிகள். துப்பாக்கிகள் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையிலிருந்து வரவேண்டியவை. 1940 மே மாதம் பெல்ஜியம் ஜெர்மனியர் கையில் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. 80, 81 இரண்டு வகையையும் சேர்த்து ஏறக்குறைய 450 விமானங்கள் கட்டினார்கள். சொந்தமாக வேட்டை விமானம் வடிவமைத்துத் தொடர் உற்பத்தி செய்த நாடுகள் அன்று உலகில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்த 450இன் கனம் புரியும்.

பிப்ரவரி 10

1944 ஜூன் 10 பற்றி எழுதாமல் ஐ.ஏ.ஆர். பேச்சை முடிக்கக் கூடாது.

அன்று அமெரிக்கர்கள் வழக்கமான கனரகக் குண்டுவீச்சு விமானங்களை விட்டுவிட்டு, பி-38 லைட்னிங் வேட்டை விமானங்களையே ருமேனியாவின் எண்ணெய் நகரான பிளோயெஷ்டிக்கு அனுப்பினார்கள். 82ஆம் வேட்டைக் குழுவின் லைட்னிங்குகள் ஒரு பக்கம் 1000 பவுண்டு குண்டையும் மறுபக்கம் எரிபொருள் தொட்டியையும் சுமந்து வந்தன. 1ஆம் வேட்டைக் குழு காவல். இலக்கு, ரொமானா அமெரிக்கானா சுத்திகரிப்பு ஆலை. பெயரே சொல்வதுபோல், போருக்கு முன் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் சொத்து அது.

ரேடாருக்குத் தப்பத் தாழ்வாக வந்தார்கள். அதுதான் ஐ.ஏ.ஆர். 81சிக்குக் கிடைத்த வாய்ப்பு. ஆறாயிரம், ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் கே.14 எஞ்சின் மூச்சு வாங்கும். தரையை ஒட்டிய சண்டையில், குறுகிய வட்டத்தில் திரும்புவதில், இரட்டை எஞ்சின் லைட்னிங்கால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டான் விஸான்டி தலைமையிலான 6ஆம் வேட்டைக் குழு பொபெஷ்டி-லியோர்டெனி தளத்திலிருந்து எழும்பி அவர்கள் மேல் பாய்ந்தது. அமெரிக்கர்கள் அன்று இருபதுக்கும் மேற்பட்ட லைட்னிங்குகளை இழந்தார்கள். அந்த விமான வகைக்குப் போரின் மிக மோசமான நாட்களில் ஒன்று அது.

பிப்ரவரி 10, இரவு

மேலே எழுதியதற்கு உடனே ஒரு பதில் வந்தது: "பார்த்தீர்களா, இருபதையும் ருமேனியர்கள்தான் வீழ்த்தினார்கள்!"

நான் அப்படிச் சொல்லவில்லை. 6ஆம் குழு கோரிய வெற்றிகள் அமெரிக்கரின் மொத்த இழப்புக்கு ஏறக்குறைய சமம். ஆனால் அதே வானத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் சுட்டன, ஜெர்மன் விமானங்களும் சண்டையிட்டன, அவர்களும் வெற்றி கோரினார்கள். எல்லாருடைய கோரிக்கையும் முழு உண்மையாக இருக்க முடியாது. மறுபக்கமும் இதே கதைதான். ஹெர்பர்ட் ஹாட்ச் என்ற அமெரிக்க விமானி அன்று ஒரே சண்டையில் ஐந்து விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவானது. அவர் தன் எதிரிகளை ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 என்றே நினைத்திருந்தார். உண்மையில் அவை ஐ.ஏ.ஆர். 81சி. வட்ட எஞ்சின், அதே பருமன், கண்ணிமைக்கும் நேரம். எதிரியின் விமானம் எது என்றே தெரியாத வேகத்தில் எண்ணிக்கை மட்டும் எப்படித் துல்லியமாக இருக்கும்? சண்டையிலிருந்து இறங்கி வந்தவன் மனமறிந்து பொய் சொல்கிறான் என்று நான் நினைக்கவே மாட்டேன். அவன் புகையைப் பார்த்தான், எரிந்து விழுவதைப் பார்த்தான். அதே விமானத்தை வேறு இருவரும் பார்த்துச் சுட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 13

பிரஷோவ் என்ற பெயர் எனக்கு வேலைக் காலத்திலேயே பழக்கம். நான் கைவைத்த ஹெலிகாப்டர்களில் ஒன்று சேத்தக். பிரெஞ்சு அலூவெட் 3ஐ நம் நாட்டில் எச்.ஏ.எல். உரிமம் பெற்றுக் கட்டியது. அதே அலூவெட் 3ஐ பிரஷோவை ஒட்டிய கிம்பாவில் ருமேனியர்கள் ஐ.ஏ.ஆர். 316 என்று கட்டினார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று தேடப்போய்த்தான் ஐ.ஏ.ஆர். 80க்கு வந்து சேர்ந்தேன். பழைய ஆலையை அமெரிக்கர்கள் 1944 ஏப்ரல் 16 அன்று குண்டு போட்டுத் தகர்த்தார்கள். போருக்குப் பிறகு மிஞ்சிய இடத்தில் டிராக்டர் கட்டினார்கள். போர் விமானம் செய்த கைகள் ஏர் உழும் வண்டிக்கு மாறியதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதோடு வரைபடங்களும் அச்சுகளும் அனுபவமும் சிதறிப்போயின, அதுதான் எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 15

விமானி ஷெர்பனெஸ்குவை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கிறார்கள். விடவில்லை, அவருக்காக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அலெக்ஸாண்ட்ரு ஷெர்பனெஸ்கு விமானியாவதற்கு முன் மலைப்படை அதிகாரி. அந்தப் பயிற்சி 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடுக்கு மேற்கே கார்போவ்கா தளத்தில் கைகொடுத்தது. சோவியத் படை சுற்றி வளைத்துவிட்டது. அங்கே இருந்தவை 7ஆம் வேட்டைக் குழுவின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இ விமானங்கள், விமானிகள், கம்மியர்கள், சில விமான எதிர்ப்புப் பீரங்கிகள். ஷெர்பனெஸ்கு தரைச் சண்டைக்கு ஆட்களை ஒழுங்கு செய்தார். வானை நோக்கிய பீரங்கிகளைத் தாழ்த்தி டாங்கிகளைச் சுட்டார்கள். பிறகு இருட்டில், எறிகுண்டுகளுக்கு நடுவே, ஒற்றை ஆசன விமானங்களில் கம்மியர்களைத் திணித்துக்கொண்டு எழும்பினார்கள். சில விமானங்கள் எழும்பும்போதே நொறுங்கின. மற்றவை தப்பின.

எந்தப் பட்டியலிலும் இந்த இரவுக்குப் புள்ளி இல்லை. தன் கம்மியனை விட்டுவிட்டுப் பறக்க மாட்டேன் என்று நின்ற விமானிகளுக்கு நான் எத்தனை புள்ளி வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அவர் முடிவு 1944 ஆகஸ்ட் 18இல் வந்தது. அன்று அவருடைய ரேடியோ வேலை செய்யவில்லை. பின்னால் அமெரிக்கரின் மஸ்டாங் வேட்டை விமானங்கள் வருவதைத் தோழர்கள் கத்திச் சொன்னது அவர் காதில் விழவில்லை. வயது 32. ருமேனியா ஜெர்மனியை விட்டு அணி மாறியது ஆகஸ்ட் 23. இடையே ஐந்து நாட்கள்.

ரேடியோ பழுது என்ற இரண்டு சொல்லை நான் சாதாரணமாகக் கடந்து போக முடியாது. ஒரு இணைப்பு தளர்ந்திருக்கலாம், ஒரு வால்வு போயிருக்கலாம். காலையில் அந்த விமானத்தைச் சரிபார்த்து அனுப்பியவர் மாலையில் செய்தி கேட்டபோது என்ன ஆனார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிப்ரவரி 18

ஒரு நண்பர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: "ஹிட்லரின் கூட்டாளிகளை இப்படிப் புகழலாமா?"

கேட்க வேண்டிய கேள்வி. நேராகவே சொல்கிறேன். அகரிச் கான்ஸ்டான்ட்ஸா வானில் பறந்த அதே ஜூன் மாத இறுதியில் யாஷ் நகரில் யூதர்களை ருமேனியக் காவலர்களும் படையினரும் ஜெர்மனியரோடு சேர்ந்து வேட்டையாடினார்கள். தெருக்களிலும், காற்றுப் புகாத சரக்கு ரயில் பெட்டிகளிலும் 13,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்டோபரில் ஒடெஸா விழுந்ததும் அங்கே இன்னும் பெரிய படுகொலை. அன்றைய ருமேனிய சர்வாதிகாரி அந்தோனெஸ்குவின் ஆட்சிக் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் கொல்லப்பட்ட யூதர்கள் 2,80,000 முதல் 3,80,000 வரை என்று எலீ வீஸல் தலைமையிலான ஆணையம் 2004இல் அறிக்கை தந்தது. ஒடெஸா முற்றுகையில் இந்த விமானிகளும் பறந்தார்கள். அவர்கள் காத்த வானத்தின் கீழேதான் இது நடந்தது. இதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டுக் கடந்துபோவதாக நினைக்க வேண்டாம். இந்த விமானங்களைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு வரியும் இதைத் தெரிந்துகொண்டே எழுதுவது.

பிப்ரவரி 19

வெள்ளை அணி பற்றியும் ஒரு குறிப்பு. மரியானா திரகெஸ்கு, நாடியா ருஸ்ஸோ முதலிய பெண் விமானிகள் சிறிய போலந்து ஆர்.டபிள்யூ.டி. 13 விமானங்களில் காயம்பட்டவர்களைப் போர்முனையிலிருந்து பின்னால் கொண்டுவந்தார்கள். வெள்ளை நிறம் பூசி, செஞ்சிலுவை வரைந்த விமானங்கள். வெள்ளை நிறம் காப்பாற்றாது என்று தெரிந்ததும் உருமறைப்பு நிறம் பூசினார்கள். வெற்றிப் பட்டியல்களில் இவர்கள் பெயர் இருக்காது, இவர்கள் யாரையும் சுடவில்லை. ருஸ்ஸோ பின்னால் சிறை சென்றார். திரகெஸ்கு நூறு வயது வரை வாழ்ந்து 2013இல் மறைந்தார்.

பிப்ரவரி 22

மறுபடி காண்டாகுஸினோ. கேள்வி அவரில்தான் தொடங்கியது, எனக்குப் பிடித்த கதையும் அவருடையதே.

இளவரசர் குடும்பம். தாய் மருக்கா, இசையமைப்பாளர் ஜார்ஜ் எனெஸ்குவை மறுமணம் செய்தவர். 'பிஸு' என்று எல்லாரும் அழைத்த மகன் ஐஸ் ஹாக்கியில் தேசிய அணித் தலைவர், விமான சாகசத்தில் தேசியச் சாம்பியன், பயணிகள் விமானத்தின் விமானி. 1944இல் 9ஆம் வேட்டைக் குழுவின் தளபதி.

ஆகஸ்ட் 23 அன்று மன்னர் மிகாய் அந்தோனெஸ்குவைக் கைது செய்ததும் ஜெர்மனியர் புக்கரெஸ்ட் மீது குண்டு வீசத் தொடங்கினார்கள். நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க விமானக் கைதிகள் இருந்தார்கள். அவர்களில் மூத்த அதிகாரி ஜேம்ஸ் கன். இவர்களை அழைத்துப்போக விமானம் அனுப்பச் சொல்ல வேண்டும், இத்தாலியில் இருந்த அமெரிக்கத் தளத்துக்கு நேரில் போய்ச் சொன்னால்தான் நம்புவார்கள். முதலில் ஒரு பழைய சவோயாவில் கிளம்பினார், எஞ்சின் கோளாறால் திரும்ப வேண்டியதாயிற்று. அப்போதுதான் காண்டாகுஸினோ தன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஜி-யில் அழைத்துப் போகிறேன் என்றார்.

அந்த விமானத்தில் ஆசனம் ஒன்றே ஒன்று. விமானிக்குப் பின்னால் 400 லிட்டர் பெட்ரோல் தொட்டி. தொட்டிக்கும் பின்னால் ரேடியோப் பெட்டிகள் இருக்கும் குகை. ரேடியோவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுக் கன்னை அதற்குள் படுக்க வைத்தார்கள்.

இளவயதில் நான் மெலிந்தவன் என்பதால் வால் பகுதிக்குள் நுழைய வேண்டிய வேலை வந்தால் என்னைத்தான் அனுப்புவார்கள். ஆகவே அந்த இடம் எப்படியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். தோளைத் திருப்ப இடமிருக்காது. விலா எலும்பு வளையச் சட்டத்தில் முட்டும். பக்கத்திலேயே வால் துடுப்புக்குப் போகும் கம்பிவடங்கள் ஓடும். முழங்கை அதில் பட்டால் விமானியின் கையில் அது தெரியும். தரையில், கதவு திறந்திருக்க, வெளியே ஆள் நிற்கும்போதே மூச்சு முட்டும். கன்னுக்குக் கதவை வெளியிலிருந்து திருகு போட்டு மூடினார்கள். விமானம் தீப்பிடித்தால் குதிக்க வழியில்லை. விமானி குதித்தாலும் அவர் உள்ளேதான். இருட்டு, குளிர், ஒரு மனித எடை பின்னால் போனதால் கனத்துப்போன வால். இந்த நிலையில் புக்கரெஸ்டிலிருந்து ஃபோஜா பக்கம் உள்ள சான் ஜியோவான்னி தளம் வரை, நேர்கோட்டில் 900 கிலோமீட்டருக்கும் மேல்.

பக்கவாட்டில் பெரிய அமெரிக்கக் கொடி வரைந்திருந்தார்கள், அமெரிக்கர்களே சுட்டு வீழ்த்திவிடக் கூடாதே என்று. ஆகஸ்ட் 27 அன்று அந்தக் கொடியோடு ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் வந்து இறங்கியதும் சுற்றி நின்றவர்களிடம் காண்டாகுஸினோ முதலில் கேட்டது ஒரு திருப்புளி. மூடியைக் கழற்றினால் உள்ளிருந்து அவர்களுடைய லெப்டினன்ட் கர்னல் வெளியே வந்தார்.

பிறகு நடந்தது வேகமாக. காண்டாகுஸினோ திரும்பிப் போனது ஒரு மஸ்டாங்கில், அதுவரை அவர் எதிர்த்துச் சண்டையிட்ட அதே வகை விமானத்தில்! ஆகஸ்ட் 31 முதல் பி-17 விமானங்கள் புக்கரெஸ்டில் வந்து இறங்கி, சில நாட்களில் 1,100க்கும் மேற்பட்ட கைதிகளை ஏற்றிச் சென்றன.

பிப்ரவரி 23

"கொடி வரைந்தவர் யார், ரேடியோவைக் கழற்றியவர் யார்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. அந்த விமானத்தின் தரைக்குழுவினர்தான். சில நாட்களுக்கு முன்வரை அமெரிக்கரைச் சுடுவதற்காகத் துப்பாக்கி நிரப்பிய அதே ஆட்கள்.

பிப்ரவரி 26

மாதிரி விமானம் கட்டும் நண்பருக்கு: எந்த மாதத்து விமானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1941 முதல் 1944 ஆகஸ்ட் வரை ருமேனிய விமானங்களில் இருந்தது மன்னர் மிகாயின் சிலுவை. அணி மாறிய பின் செப்டம்பரில் நீலம், மஞ்சள், சிவப்பு வட்டங்களுக்குத் திரும்பினார்கள். டிரான்சில்வேனியாவிலும் பிறகு செக்கோஸ்லோவாகியாவிலும் அதே மெஸ்ஸர்ஷ்மிட், ஐ.ஏ.ஆர். விமானங்கள் ஜெர்மனிக்கு எதிராகப் பறந்தது இந்த வட்டங்களோடுதான். சிலுவை போட்ட விமானத்தை 1945 என்று எழுதிவிடாதீர்கள்.

பார்த்துக் கட்ட அசல் எங்கே இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். முழுமையான அசல் ஐ.ஏ.ஆர். 80 இன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. போருக்குப் பின் மிச்சமிருந்தவற்றில் சிலவற்றை இரட்டை ஆசனப் பயிற்சி விமானங்களாக மாற்றி ஓட்டினார்கள், 1950களின் தொடக்கத்தில் அவையும் உடைப்புக்குப் போயின. அருங்காட்சியகங்களில் நிற்பவை பிற்காலத்தில் கட்டிய மாதிரிகள். ஆகவே பழைய புகைப்படங்களை நம்புங்கள். வாலின் அடியில் மறக்காமல் சறுக்குக்கட்டை வையுங்கள், சக்கரம் வேண்டாம்.